எல்லாமே ‘காஞ்சிபுரம்’ என்றால் எதுதான் காஞ்சிபுரம்?

தீபாவளி நெருங்கும்போதோ கல்யாண மாதங்களிலோ ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில், அல்லது பினாங்கு லெபோ பாசாரில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கடைக்காரர் மூன்று புடவைகளை எடுத்து விரிப்பார். மூன்றிலும் தங்கக் கரை, மூன்றிலும் மயிலும் மாங்காயும், மூன்றையும் ‘காஞ்சிபுரம்’ என்றே சொல்வார். ஒன்று 150 ரிங்கிட், அடுத்தது 600, மூன்றாவது 2,000-ஐத் தாண்டும். தொட்டுப் பார்த்தால் பாரம் கொஞ்சம் வித்தியாசப்படும், அவ்வளவுதான். தங்கமும் வெள்ளியும் தாறுமாறாக ஏறிய பிறகு இந்த இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது. கூடவே ‘சில்க் மார்க் இருக்கு’, ‘ஜிஐ இருக்கு’, ‘ஒரிஜினல் கைத்தறி’ என்று மூன்று சொற்களும் ஒரே அர்த்தத்தில் புழங்குவதால், கேட்பவருக்குத் தலை சுற்றுகிறது.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் என்ற பெயரை நாம் மூன்று பொருளில் வைத்துக்கொண்டிருக்கிறோம்: ஓர் ஊர், ஒரு நெசவு முறை, ஒரு தோற்றம். 150 ரிங்கிட் புடவை தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 2,000 ரிங்கிட் புடவையில் மூன்றும் இருக்கலாம், இருக்க வேண்டும், ஆனால் விலையைப் பார்த்து மட்டும் அதை உறுதி செய்ய முடியாது. ஒரே பெயருக்கு இப்படி மூன்று பொருள் எப்படி வந்தது என்பது அந்த ஊரின் வரலாற்றைப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் சில சொற்கள்

1. பாவு: தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள். புடவையின் முழு நீளத்துக்கும் ஓடுபவை இவை.

2. ஊடை: பாவுக்குக் குறுக்கே இடமும் வலமும் ஓடும் இழை. இதைச் சுமந்து செல்லும் படகு வடிவக் கட்டைக்குப் பெயர் நாடா.

3. உடல், கரை, முந்தி: புடவையின் நடுப்பரப்பு உடல், நீளவாக்கில் இரு ஓரமும் கரை, தோளில் விழும் கடைசிப் பகுதி முந்தி.

4. ஜரிகை: பட்டு நூல் மேல் சுற்றிய உலோகக் கம்பி. பார்வைக்குத் தங்கம், தரமானதில் உள்ளே இருப்பது வெள்ளியும் செம்பும்.

5. குழித்தறி: தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை இறக்கி மிதித்துக்கொண்டு நெய்கிற தறி.

பட்டுக்கு முன்னால் பருத்தி

சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டரில், வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது காஞ்சிபுரம். பல்லவர்களின் தலைநகரம், கைலாசநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜர் கோயிலும் உள்ள ஊர் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஊருக்குப் பக்கத்தில் சமணர் கோயில் இருக்கும் பகுதியின் பெயர் திருப்பருத்திக்குன்றம். பெயரிலேயே பருத்தி. இன்று பட்டுக்குப் பேர்போன ஊர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி பருத்தி நெய்த ஊர் என்பதை நாம் மறந்தேவிட்டோம்.

நெசவாளர்கள் அந்த ஊரில் என்ன நிலையில் இருந்தார்கள் என்பதற்கு ஓர் ஆவணமே இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்போது ஊரின் பெயர் கச்சிப்பேடு. அங்கிருந்த பெருமாள் கோயிலின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்கள் குடியிருந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. கோயில் பணத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு நாணயமும் வசதியும் உள்ளவர்களாக ஊர் அவர்களைப் பார்த்திருக்கிறது. எனக்கு இந்தச் செப்பேடு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இதுதான். நெசவாளர் என்றாலே ஏழை என்ற படம் நம் மனதில் பதிந்தது பின்னால் வந்த காலத்தால்.

விஜயநகர ஆட்சியிலும் அந்த மதிப்பு தொடர்ந்தது. செங்குந்தர் என்றும் அழைக்கப்படும் கைக்கோள நெசவாளர்கள், காஞ்சிபுரத்தில் தங்கள் இனத்தார் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருப்பதைக் காட்டி அதே உரிமையை வேறு ஊர்களிலும் பெற்றார்கள் என்று 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த கல்வெட்டு பேசுகிறது. தேவாங்கர், பத்மசாலியர் என்ற நெசவுச் சமூகத்தாரும் ஆந்திர, கன்னடப் பக்கங்களிலிருந்து வந்து கலந்தார்கள். மார்க்கண்டேய முனிவர் தாமரைத் தண்டின் நாரிலிருந்து தேவர்களுக்கு ஆடை நெய்தார், நாங்கள் அவர் வழி வந்தவர்கள் என்பது இன்றும் பத்மசாலியர் வீடுகளில் சொல்லப்படும் கதை.

அந்தக் கரைத் துணி நம் கரைக்கு வந்த வழி

காஞ்சியும் அதைச் சுற்றிய நெசவு ஊர்களும் வெறும் உள்ளூர்ச் சந்தைக்கு நெய்யவில்லை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிதான் தென்கிழக்காசியாவில் பல நூற்றாண்டுகள் பணத்தைப்போலப் புழங்கியது. மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் இந்தத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடத் தமிழ்க் கரைத் துணிக்கு மவுசு அதிகம். அதனால்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டினார்கள், ஆங்கிலேயர்கள் 1639-இல் சென்னையில் இடம் பிடித்தார்கள். துணி வாங்கத்தான் வந்தார்கள்.

இதற்கு அடையாளம் இன்றும் நம் இடுப்பில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் பள்ளிவாசலுக்குக் கட்டிப் போகும், நம் வீட்டு ஆண்களும் மாலையில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு மலாயில் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடுதான். அந்தத் துறைமுகத்தின் ஐரோப்பிய உச்சரிப்பு புலிகாட், அதிலிருந்து வந்தது அந்தச் சொல். பழவேற்காட்டுத் துறைமுகம் ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, கைலி வேறு எங்கெங்கோ நெய்யப்படுகிறது, பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஓர் ஊரின் பெயர் ஒரு துணியின் பெயராக மாறி, பிறகு ஊரை விட்டே பிரிந்துபோவது புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது அதே கதையின் அடுத்த அத்தியாயம்.

பினாங்கில் பிரான்சிஸ் லைட் 1786-இல் கொடி நட்ட கொஞ்ச காலத்திலேயே நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலில் துணி மூட்டைகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். லெபோ சூலியா என்ற தெருப் பெயரும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் தர்கா சன்னதியும் அந்த வருகையின் தடங்கள். மலாயில் கடைக்குக் ‘கெடாய்’ என்று பெயர் வந்ததும் நம் ‘கடை’ என்ற சொல்லிலிருந்துதான்.

பட்டு எப்போது வந்தது?

பெரும்பாலானவர்கள் பல்லவர் காலத்திலிருந்தே காஞ்சியில் இதே பட்டுப்புடவை நெய்யப்படுவதாக நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. பட்டு நெசவு அங்கே பழையதுதான், ஆனால் ஊரின் முதன்மைத் தொழிலாகப் பட்டு எழுந்தது 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்.

காரணம் லங்காஷயர். இங்கிலாந்தின் ஆலைத் துணி இறங்கியபோது சாதாரணப் பருத்தி நெய்தவர்களால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆலை எதை நெய்ய முடியாதோ அதை நெய்தால்தான் பிழைப்பு என்ற நிலை. கனத்த பட்டு, வேறு நிறக் கரை, ஜரிகை வேலைப்பாடு, ஒவ்வொன்றும் தனித்தனியாக: இது அன்றைய எந்திரத்தின் கைக்கு எட்டாத வேலை. மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊக்கிவிட்ட பட்டுப்புழு வளர்ப்பு பக்கத்திலேயே இருந்தது கைகொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டு விளைவதில்லை, இழை கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையின் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. அந்தப் புடவையில் காஞ்சிபுரத்துக்கே சொந்தமானது என்று எதைச் சொல்வது? நெய்கிற கையையும் நெய்கிற விதத்தையும்தான். சாயம் நன்றாகப் பிடிப்பது எங்கள் தண்ணீரால் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், அது இருக்கட்டும். மூலப்பொருள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரும் ஒரு பொருளுக்கு ஊர்ப் பெயர் நிலைத்திருக்கிறது என்றால், அந்தப் பெயருக்குள் இருப்பது நெசவு முறை. அதனால் முறையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் நகலெடுத்த துணிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பட்டாகவே இருந்தாலும் பொருந்தாது என்பது என் கருத்து.

கோர்வை: மூன்று நாடா, இரண்டு ஆள்

அந்த முறையின் மையம் கோர்வை. அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை என்று ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தறியில் ஒரே நாடா ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும். ஊடை சிவப்பு என்றால் பச்சைப் பாவுக்குள்ளும் அந்தச் சிவப்பே போகும். கரை பச்சையாகவும் இல்லாமல் சிவப்பாகவும் இல்லாமல் மங்கிய கலவையாகத் தெரியும்.

கோர்வையில் மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினால் பாவு பிரிந்து வாய் திறக்கும். ஒரு பக்கக் கரைக்கான நாடாவை அவர் எல்லை வரை விடுகிறார். மறு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கரையின் நாடாவை உள்ளே தள்ளுகிறார். நடுவில் உடலின் நாடா ஓடுகிறது. சிவப்பு ஊடையும் பச்சை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கொக்கி மாட்டிக்கொண்டு தத்தம் பக்கம் திரும்புகின்றன. அப்புறம் ஊடை நெருங்கி உட்காரப் பலகையை இழுத்து ஒருமுறை அடிக்கிறார். இது ஒரு வரிசை. விரலளவு துணிக்கே இப்படி எத்தனையோ வரிசை வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு பேருடைய கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும், ஒருவர் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் கரை சுருங்கும், இறுக்கினால் உடல் இழுத்துக்கொள்ளும்.

‘புடவை கிழிந்தாலும் கரை பிரியாது’ என்று அந்த ஊரில் சொல்வது இந்தக் கொக்கியை வைத்துத்தான்.

இரு பக்கமும் அகலக் கரை வந்தால் அதற்கு ரெட்டைப்பேட்டு என்று பெயர். கரையில் வரும் உருவங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்ராட்சம், கோபுரம், வங்கி, இருதலைப்பட்சி, மல்லிமொக்கு. உடலில் பாலும் பழமும் கட்டம், வைர ஊசிக் கோடு. இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்கே உங்கள் மேல் ஒரு மரியாதை வரும்.

முந்தி வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குப் பிட்னி என்று பெயர். உடலின் பாவு முடிகிற இடத்தில் முந்திக்கான வேறு நிறப் பாவை இழைக்கு இழை கையாலேயே பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பிட்னி போட்ட புடவையில் உடலும் முந்தியும் சேரும் இடத்தில் மெல்லிய ஒரு மடிப்புக் கோடு போலத் தெரியும். சிலர் அதைக் குறை என்று நினைத்துப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் கைவேலையின் கையெழுத்து.

தறி ஏறுவதற்கு முந்தைய வேலைகளையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று புரிகளாக முறுக்கிய பட்டு, பசை போக வேகவைத்து, சாயமிட்டு, விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழை ஒட்டாமல் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி முடிப்பார்கள். முறுக்கிய இழை பாவிலும் ஊடையிலும் இருப்பதால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்தக் கனம். ‘சாஃப்ட் சில்க்’ என்று விற்கும் மெல்லிய புடவை தூய பட்டாகவே இருக்கலாம், நல்ல துணியாகவும் இருக்கலாம், கனக் காஞ்சிப் பட்டு அது இல்லை.

ஜரிகை: விலை ஏறுவது இங்கேதான்

தூய ஜரிகை எப்படிச் செய்கிறார்கள்? செம்பு கலந்த வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, சாயமிட்ட பட்டு நூலைச் சுற்றி முறுக்கி, மேலே தங்க முலாம் பூசுகிறார்கள். தமிழ்நாடு அரசு 1971-இல் காஞ்சிபுரத்திலேயே ஒரு ஜரிகை நிறுவனம் தொடங்கியதன் நோக்கம், கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரமான ஜரிகை கிடைக்க வேண்டும் என்பது. சங்கங்களில் புழங்கிய அளவு இப்படி:

1. வெள்ளி 40 விழுக்காடு
2. செம்பு 35.5 விழுக்காடு
3. பட்டு நூல் 24 விழுக்காடு
4. தங்கம் 0.5 விழுக்காடு

இதற்கு முன்பு வெள்ளி 57 விழுக்காடாகவும் தங்கம் 0.6 ஆகவும் இருந்தது. வெள்ளி விலை ஏறியபோது அளவைக் குறைத்து செம்பைக் கூட்டினார்கள். ஆக, ‘தூய ஜரிகை’ என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே இரண்டு தரம் இருக்கிறது.

நகைக் கடையில் பவுன் விலை கேட்டு வீட்டுக்கு வந்து பட்டுப்புடவை ஏன் விலை ஏறியது என்று வியப்பதில் பொருளில்லை. கல்யாணப் புடவையின் முந்தியும் கரையும் வெள்ளிக் கம்பி. 2025-இல் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 அமெரிக்க டாலரைத் தாண்டியது, தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது, அதன் சுமை நேராகக் காஞ்சிபுரத்துத் தறி மேல் விழுந்தது. அதனால்தான் ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ என்ற பெயர்களில் செம்புக் கம்பி மேல் வெள்ளி முலாம் பூசிய ஜரிகையும், அதற்கும் கீழே பாலியஸ்டர் நூலில் சுற்றிய மினுக்கு ஜரிகையும் வந்து நிரம்பியுள்ளன. அவற்றை அப்படிச் சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பதில்தான் பிரச்சினை.

எதிர்ப் பக்கத்தில் யார் உட்காருவது?

கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்றேன் அல்லவா, இந்தத் தொழிலின் மிகப் பெரிய கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

பல தலைமுறைகளாக அந்த எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தது குழந்தைகள். சொந்தப் பிள்ளை, இல்லாவிட்டால் முன்பணம் வாங்கியதற்காக அனுப்பப்பட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை. 1990-களில் காஞ்சிபுரத்துத் தறிகளில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது, அரசும் தொண்டு நிறுவனங்களும் இறங்கி வேலை செய்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அது நடந்தே ஆக வேண்டிய ஒன்று. நம் பாட்டி கட்டிய அழகான ரெட்டைப்பேட்டின் ஒரு கரையை ஒரு குழந்தை நெய்திருக்கலாம் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசக்கூடாது.

பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் படித்து முடித்தபோது பக்கத்திலேயே வேறு வேலை காத்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தி தொடங்கியது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள் பின்னால் வந்தன. மாதச் சம்பளம், கம்பெனி பஸ், சீருடை. இது நமக்குத் தெரிந்த கதைதான். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் பஸ் ஏறினார்கள்.

இன்று எதிர்ப் பக்கத்தில் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். பல வீடுகளில் அவருக்குத் தனிக் கூலி என்று ஒன்று கிடையாது, புடவைக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் இருவர் உழைப்பும் அடங்கிவிடும். ஒரு கோர்வைப் புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேல். பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குபவர் மாஸ்டர் வீவர் எனப்படும் முதலாளி. கடன், முன்பணம் என்ற பிடியிலிருந்து விடுபடத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின, 1935-இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா, 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கிக் கிடந்தபோது தோளில் சுமந்து தெருவில் விற்றது இந்தப் பின்னணியில்தான்.

விளைவு என்ன? இரண்டு ஆள் வேலையை ஓர் ஆளால், இல்லாவிட்டால் எந்திரத்தால் முடிக்கப் பார்க்கிறார்கள். கோர்வை இல்லாத காஞ்சிப் புடவைகள் பெருகுகின்றன. எந்திரத் தறியான பவர்லூமில் ஒரே நாளில் அதே மயிலும் அதே கோபுரமும் விழுந்துவிடும். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 வகைகள் இருந்த பட்டியல் இப்போது 11. சட்டம் இருக்கிறது, பவர்லூம் ஓடிக்கொண்டும் இருக்கிறது.

மூன்று முத்திரை, மூன்று கேள்வி

கடையில் ஒரே மூச்சில் சொல்லப்படும் மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள்.

1. சில்க் மார்க். இந்திய மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது. இது சொல்வது ஒன்றே ஒன்று: இழை இயற்கைப் பட்டு. பவர்லூமில் நெய்த பட்டுக்கும் கிடைக்கும், வேறு எந்த ஊரில் நெய்த பட்டுக்கும் கிடைக்கும். ஜரிகையைப் பற்றி இதில் ஒரு பேச்சும் இல்லை.

2. கைத்தறி முத்திரை. 2006-இல் வந்தது. கையால் நெய்தது என்பதற்கு இது சாட்சி. பட்டா பருத்தியா, எந்த ஊர் என்பது இதன் வேலை இல்லை.

3. புவிசார் குறியீடு, அதாவது ஜிஐ. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘காஞ்சிபுரம் பட்டு’ 2005-06-இல் பதிவானது. ஊர், முறை, தரம் மூன்றையும் சேர்த்துப் பேசுவது இது மட்டும்தான்.

சில்க் மார்க்கைக் காட்டி ‘இது காஞ்சிபுரம்’ என்று சொல்வது, ஒருவருடைய பள்ளிச் சான்றிதழைக் காட்டி அவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று சொல்வதைப் போன்றது. சான்றிதழ் உண்மை. கேட்ட கேள்வி வேறு.

மலேசியாவில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு?

புவிசார் குறியீடு நாட்டெல்லைக்குள் நிற்கிற உரிமை. இந்தியாவில் பதிவானதால் மட்டும் அது கோலாலம்பூரில் தானாகவே செல்லாது. மலேசியாவுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சரவாக் மிளகு, சபா தேயிலை போன்றவை அப்படிப் பாதுகாக்கப்பட்ட உள்ளூர்ப் பெயர்கள்.

அதனால் வாங்குபவர் கையறு நிலையில் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் வாணிப விளக்கச் சட்டம், ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொய்யாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்குகிறது. பாலியஸ்டரைப் பட்டு என்றோ, பவர்லூமைக் கைத்தறி என்றோ விற்றால் இது பொருந்தும். பணத்தைத் திரும்பக் கேட்பதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது எடுத்துக்கொள்ளும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

இதே சிக்கல் மலாய்ச் சமூகத்துக்கும் இருக்கிறது. தங்க இழை கோத்துக் கையால் நெய்யும் சொங்கெட் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, ஆனாலும் சந்தையில் எந்திரத்தில் அச்சடித்த துணியும் அதே பெயரில் தொங்குகிறது. திரங்கானுவின் நெசவுக்காரரும் பிள்ளையார்பாளையத்து நெசவாளரும் ஒரே போட்டியைத்தான் சந்திக்கிறார்கள்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை

1. உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் புடவையை எடுத்துக் கரையை வெளிச்சத்தில் பிடியுங்கள். கரையின் நிறம் கலப்பில்லாமல் சுத்தமாக இருக்கிறதா, உடலும் கரையும் சேரும் கோடு பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறதா? அப்படியென்றால் கோர்வை. ஊடை நிறம் கரைக்குள் கலந்து தெரிந்தால் கோர்வை இல்லை.

2. முந்தி தொடங்கும் இடத்தில் பிட்னிக் கோடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிட்னி இல்லாத கைத்தறிப் புடவையும் உண்டு, அதனால் இது இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

3. பின்பக்கத்தைத் திருப்புங்கள். வெட்டிவிட்ட நூல் நுனிகள் வரிசையாகத் தெரிந்தாலோ, பூவுக்குப் பூ நூல் நீளமாகத் தொங்கினாலோ, அது எங்கே எப்படி நெய்தது என்று கேட்க வேண்டிய இடம்.

4. ஜரிகை இழை ஒன்றின் நுனியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தூய ஜரிகையின் உள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை பாலியஸ்டர் நூலோ வெறும் செம்பு நிறமோ தெரிந்தால் அது வேறு ஜரிகை.

5. ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை வாங்கி வெளியே கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல உறைந்துவிடும். புடவையைக் கட்டிக்கொண்டு இந்தச் சோதனை வேண்டாம்.

6. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘ஒரிஜினலா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்ற ஒரே பதில்தான் வரும். ‘கைத்தறியா பவர்லூமா? கோர்வையா? ஜரிகை தூயதா, டெஸ்டடா? எந்தச் சங்கம், எந்த ஊர்த் தறி?’ என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் இந்த நாலுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். ‘இது செமி சில்க் அக்கா, பவர்லூம்தான், கழுவுறதுக்கு லேசு, அதான் 150’ என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் மஸ்ஜித் இந்தியாவில் நிறையவே இருக்கிறார்கள்.

7. பில்லில் ‘புடவை 1’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அவர் வாயால் சொன்ன அதே சொற்களை, ‘தூய பட்டு, கைத்தறி, கோர்வை, தூய ஜரிகை’ என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைப் புடவையோடு மடித்து வையுங்கள், பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். எழுதத் தயங்கினால், எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று பாருங்கள்.